ஸ்டாஃபைத் தூக்கிட்டேன்!

‘ஸ்டாஃபை டெலிட் பண்றது எப்படி?’ லேப்ல உட்கார்ந்து இப்படி டைப் பண்ணித் தேடிட்டு இருந்தப்போ, பின்னாடி வந்து நின்னது எங்க லேப் மேடம். “எந்த ஸ்டாஃபைப்பா?” என்றார். மியூசிக்ல நோட்ஸ் எழுதுற அஞ்சு கோட்டுக்குப் பேரும் ஸ்டாஃப்தான்னு புரிய வைக்கிறதுக்குள்ள எனக்கு வேர்த்துடுச்சு!

நான் மெக்கானிக்கல் மூணாவது வருஷம். ஓரளவு கீபோர்டு வாசிப்பேன். கல்ச்சுரல்ஸுக்கு ஒரு இன்ஸ்ட்ருமென்டல் பீஸ் எழுதுற பொறுப்பு என் தலையில் விழுந்தது. இலவசமா கிடைக்கிற மியூஸ்ஸ்கோர் சாஃப்ட்வேர்லதான் எழுதினேன் (நம்ம பட்ஜெட் அப்படி). அதை எனக்குக் கத்துக் கொடுத்ததே வியோலா வாசிக்கிற சீனியர் அண்ணன்தான். ஃப்ளூட், ரெண்டு வயலின், வியோலா, செல்லோ, பேஸ் கிடார், டிரம்ஸ் ஆளுக்கொரு ஸ்டாஃப். கீபோர்டுக்கு மட்டும் ரெண்டு. மொத்தம் ஒன்பது. ஏ4 பேப்பர்ல ரெண்டு வரிசை வந்தாலே பக்கம் ஃபுல்!

நடுவுல ஃப்ளூட்டும் கீபோர்டும் மட்டும் பேசிக்கிற இடம் வரும். மத்தவங்க சும்மா இருக்காங்க, ஆனா அவங்க கோடுகள் பேப்பரை அடைச்சுக்கிட்டு நிற்கும். அதுக்கு ஸ்டைல் செட்டிங்ல ‘காலி ஸ்டாஃபை மறை’னு ஒரு வசதி இருக்கு. ஒரு வரிசை முழுக்க நோட்ஸ் இல்லாத ஸ்டாஃப், அந்த வரிசையில் மட்டும் காணாமப் போகும். ஒரே ஒரு நோட் இருந்தாலும் எட்டிப் பார்த்துடும். அதுவரைக்கும் எல்லாம் நல்லாத்தான் போச்சு.

நிகழ்ச்சிக்கு அஞ்சு நாள் முன்னாடி அண்ணன் போன். “அப்பாவை ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கோம்டா. நான் வர முடியாது.”

வியோலா ஸ்டாஃபை செலக்ட் பண்ணி டெலிட் கீயைத் தட்டினேன். நோட்ஸ் போய் ரெஸ்ட் வந்துச்சே தவிர, அஞ்சு கோடும் அப்படியே முறைச்சுது. இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பேனலுக்குப் போனேன். அங்கே ஒவ்வொரு வாத்தியத்துக்கும் பக்கத்துல ஒரு கண் படம் இருக்கும். கண்ணை மூடினா ஸ்டாஃப் மறையும், உள்ளே எழுதினது பத்திரமா இருக்கும். அதே பேனல்ல ஒரு குப்பைத் தொட்டியும் இருக்கு. அதை அமுக்கினா வாத்தியம், நோட்ஸ், அவருக்கான தனி ஷீட், எல்லாம் காலி. யாரும் வாசிக்கப் போறதில்லையே, எதுக்கு வெச்சுக்கணும்? தொட்டியை அமுக்கிட்டேன். சேவ் பண்ணி மூடியும் வெச்சுட்டேன்.

நிகழ்ச்சிக்கு முந்தின ராத்திரி, ஹாஸ்டல் ரூம் வாசல்ல வியோலா பெட்டியோட அண்ணன். “அப்பா வீட்டுக்கு வந்துட்டார்டா. என் ஷீட்டைக் குடு!”

“பிரின்டர் ரிப்பேர்ணா”ன்னு வாய் கூசாமப் பொய் சொன்னேன். அவர் ஸ்க்ரீனைப் பார்த்தார். ரெண்டாவது வயலினுக்குக் கீழே நேரா செல்லோ.

“தூக்கிட்டியா?”

நான் பேசலை.

“கண்ணை மூடி வெச்சிருக்கலாம்லடா...”

அவர் கோபப்பட்டிருந்தாக்கூடத் தேவலை. ஃபைலை மூடினதால அன்டூ கிடையாது. சாஃப்ட்வேர் ஒளிச்சு வைக்கிற பேக்கப்பைத் தேடினேன். அது கடைசி சேவுக்கு முந்தினது. இடையில நான் எத்தனையோ தடவை சேவ் பண்ணியாச்சு. அதுலயும் வியோலா இல்லை.

அண்ணன் பெட்டியைத் திறந்தார். “எழுதிக்கோ.” நினைவுலேர்ந்து வாசிக்க வாசிக்க, புது ஸ்டாஃப் போட்டு எழுதினேன். வியோலாவுக்கு ஆல்ட்டோ க்ளெஃப், நடுக்கோடுதான் மிடில் சி. நான் தப்பான கோட்டுல வைக்கும்போதெல்லாம் போவால என் முதுகுல தட்டினார். நாலு பார் மட்டும் அவருக்கும் ஞாபகம் இல்லை, எனக்கும் இல்லை. அவரே ஏதோ ஒண்ணு வாசிச்சார். சும்மா சொல்லக் கூடாது, நான் எழுதினதைவிட அது நல்லாவே இருந்துச்சு.

காலையில ஜெராக்ஸ் கடை அண்ணன் கேட்டார்: “ஏழு செட்டுதானே சொன்னே?”

“எட்டுண்ணே.”