ஒரு கட்டை இறங்கி

"எத்தனை கட்டை?" என்று தமிழ்நாட்டில் எந்தப் பாடகரைக் கேட்டாலும் சட்டென்று பதில் வரும். என் பதில் இருபது வருஷமாக ரெண்டு. என் வாத்தியார் ரெண்டு கட்டையில் பாடினார், நானும் பாடினேன். மேல் பஞ்சமத்தைத் தொடும்போதெல்லாம் கழுத்து நரம்பு புடைக்கும். கச்சேரிக்கு மறுநாள் வீட்டில் சைகையில்தான் பேச்சு. விளக்கடித்துப் பார்த்த தொண்டை டாக்டர், "முடிச்சு எதுவும் இல்லை. இப்படியே கத்திக்கொண்டிருந்தால் வரும்" என்றார். கத்தினால் என்றார், பாடினால் என்று சொல்லவில்லை. கொல்கத்தாவில் எனக்குத் தெரிந்த ஒரு இந்துஸ்தானி ஆசிரியரிடம் பத்து நாள் இருந்துவிட்டு வரலாம் என்று ஜனவரியில் ரயில் ஏறினேன்.

முதல் நாள் பாட விடவில்லை. தம்பூராவைச் சரிசெய்ய வேண்டும், கூட வா என்று ரவீந்திர சரணிக்கு அழைத்துப்போனார். பழைய சித்பூர் ரோடு. லால்பஜார் போலீஸ் தலைமையகத்தின் பக்கம் நுழைந்தால் வரிசையாக வாத்தியக் கடைகள். கல்லாவைத் தாண்டி உள்ளே போனால் பட்டறை. அங்கே ஒருவர் சாக்கு விரித்து உட்கார்ந்து ஒரு ஆர்மோனியத்தைக் குடல் வேறு தோல் வேறாகப் பிரித்துப் போட்டிருந்தார். வெள்ளையும் கறுப்புமாக மரக்கட்டைகள் சாக்கின்மேல் கிடந்தன. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை கட்டை என்று நாம் கேட்பது இந்தக் கட்டைகளை எண்ணித்தான். வெள்ளையில் முதலாவது ஒரு கட்டை, அடுத்த கறுப்பு ஒன்றரை, அடுத்த வெள்ளை ரெண்டு. மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே கறுப்பு இல்லாததால் மூன்றரைக் கட்டை என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது. ஆர்மோனியத்தைக் கர்நாடக மேடையில் பெரும்பாலும் ஏற்ற மாட்டோம், சுருதியை அளக்க மட்டும் அதன் கட்டை வேண்டும்.

இந்தப் பெட்டி இப்போதைய உருவத்துக்கு வந்ததும் இந்த ஊரில்தான். ஐரோப்பாவிலிருந்து வந்த ஆர்மோனியம் காலால் மிதித்து, நாற்காலியில் உட்கார்ந்து வாசிப்பது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கல்கத்தாவின் துவாரகாநாத் கோஷ், தம் துவார்கின் கம்பெனியில், துருத்தியைப் பின்பக்கம் கொண்டுவந்து கையால் இயக்கும்படி செய்தார். தரையில் சம்மணமிட்டு உட்காரும் பாடகருக்கு மேடையில் ஒரு துணை கிடைத்தது. ரவீந்திர சரணியிலேயே சற்று வடக்கே போனால் ஜோராசாங்கோ, தாகூர் வீடு. ரவீந்திரநாதருக்கு ஆர்மோனியம் ஆகாது. 1940இல் அகில இந்திய வானொலி அதைத் தடைசெய்தபோது அவருடைய எதிர்ப்பும் காரணங்களில் ஒன்று. தடை முப்பது வருஷம் நீடித்தது. ஆனாலும் அவருடைய பாட்டை வங்காளி வீடுகளில் இன்றைக்கும் ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டுதான் பாடுகிறார்கள். இந்த ஊரோடு இதைப் பற்றி வாதாட எனக்கு வங்க மொழி போதாது.

அடுத்த பட்டறையில்தான் நாங்கள் தேடிவந்த ஆள். வயது அறுபதுக்கு மேல், கழுத்தில் மப்ளர். ஜனவரியில் மப்ளர் இல்லாத வங்காளியை நான் பார்க்கவில்லை. நம் தஞ்சாவூர்த் தம்பூரா பலாமரத்தில் கடைவது. இங்கே குடத்துக்குக் காய்ந்த சுரைக்காய், மேலே தண்டு மட்டும் மரம். தந்தியைத் தாங்கும் குதிரையின் முதுகில் எலும்புப் பட்டை. அவர் செய்யும் வேலைக்கு ஜவாரி என்று பெயர், வங்காளி வாயில் ஜோவாரி. குதிரையின் முதுகு கண்ணுக்குத் தெரியாத அளவில் வளைந்திருக்க வேண்டும். தந்தி அதிரும்போது அந்த வளைவை உரசி உரசி எழும். தந்திக்குள் இருக்கும் மேல் சுரங்களெல்லாம் தனித்தனியே மின்னும். நாம் ஜீவாளி நூல் வைத்துப் பிடிக்கும் அதே ரீங்காரம்தான், அரத்தால் முதலில் வழி செய்து வைக்கிறார்கள். ரெண்டு இழுப்பு தேய்ப்பார், தந்தியைப் போட்டு மீட்டுவார், தலையை ஆட்டிவிட்டு மறுபடி தந்தியை எடுத்துவிடுவார். ஒன்றரை மணி நேரம் இப்படியே போயிற்று.

"எப்போது நிறுத்துவீர்கள் தாதா?" என்று அரைகுறை இந்தியில் கேட்டேன்.

"தந்தி தானாகப் பாடும்போது. அதற்குமேல் ஒரு இழுப்பு தேய்த்தால் பட்டை பாழ்" என்றார்.

என்னைப் பாடச் சொன்னார். ரெண்டு கட்டைக்குச் சேர்த்துக் கொடுத்தார், பாடினேன். ஆசிரியரிடம் வங்க மொழியில் ஏதோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள். திரும்பி வரும்போது மெட்ரோவில் கேட்டேன். "குதிரையைவிட உன் தொண்டையை அதிகம் தேய்த்திருக்கிறாய் என்றார்."

ஆசிரியர் வீடு டாலிகஞ்சில். சாதகத்துக்கு இங்கே ரெவாஜ் என்று பெயர். 'கலா சாதா' என்றும் சொல்கிறார்கள். தொண்டையைச் சாதகம் செய்வது. காலை ஐந்தரைக்கு, பனி மூட்டத்தில், தம்பூரா முன் உட்கார்ந்தால் ஏழரை வரை மந்தர ஸ்தாயிதான். சட்ஜத்திலிருந்து ஒவ்வொரு சுரமாகக் கீழே இறங்கி, ஒவ்வொன்றிலும் மூச்சு தீரும்வரை ஆகாரத்தில் நிற்பது. இதற்குக் கரஜ் என்று பெயர். சத்தம் கூடாது. நான் கொஞ்சம் உரத்தால் போதும், "ஆஸ்தே, ஆஸ்தே" என்று கை கீழே இறங்கும். நம்மிடம் இல்லாத பாடமில்லை இது; காவிரியில் கழுத்தளவுத் தண்ணீரில் நின்று சாதகம் செய்த கதை நமக்கும் உண்டு. நான் செய்யவில்லை, அவ்வளவுதான்.

பக்கத்திலேயே ஐடிசி சங்கீத் ரிசர்ச் அகாடமி இருக்கிறது. 1977இல் தொடங்கியது. குருக்களும் மாணவர்களும் அங்கேயே தங்கிப் படிக்கிற இடம். பாடகர் ரஷீத் கான் சிறுவனாக அங்கே வந்து நிசார் உசேன் கானிடம் படித்தவர். விடிகாலை நாலு மணிக்கு எழுப்பி, ஒரு நாள் முழுக்க ஒரே சுரத்தைப் பாடவைப்பாராம் குரு. அந்த அகாடமியின் குருக்களில் ஒருவராக இருந்தவர் நம்மூர்க்காரர், 1920இல் சென்னையில் பிறந்த ஏ. கானன். ரயில்வே வேலை அவரைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தது, கிரிஜா சங்கர் சக்ரவர்த்தியிடம் கற்று கிரானா பாணிப் பாடகர் ஆனார். ரித்விக் கட்டக்கின் 'மேகே டாக்கா தாரா' (1960) படத்தில் பாடகனாகத் துடிக்கும் அண்ணனுக்காக ஒலிப்பது அவருடைய குரல், ராகம் ஹம்சத்வனி. ராமசாமி தீட்சிதர் கொடுத்த ராகத்தை ஒரு சென்னைக்காரர் இந்துஸ்தானியாக வங்காளப் படத்தில் பாடியிருக்கிறார். நான் அந்தப் படத்தை மூன்று முறை பார்த்தவன், இது தெரியாமலேயே.

நாலாம் நாள் ஆசிரியர் தம்பூராவை ஒரு கட்டைக்கு இறக்கினார். எனக்கு மானப் பிரச்சினையாக இருந்தது. சுருதி இறங்கினால் வயதாகிவிட்டது என்று நம் சபாக்களில் அர்த்தம். அவர் கணக்கு போட்டுக் காட்டினார். ஒரு கட்டையில் மேல் பஞ்சமத்துக்குக் குரல்நாண் நொடிக்குச் சுமார் 392 முறை அதிர வேண்டும். ரெண்டில் 440. "அந்த 48ஐ எங்கிருந்து கொண்டுவருகிறாய்? கழுத்திலிருந்து." பாடிப் பார்த்தேன். பஞ்சமத்தில் நின்றுவிட்டு, இறங்காமல் அங்கேயே கொஞ்சம் நேரம் சுற்றினேன். இருபது வருஷத்தில் அது முதல் தடவை.

பிறகு என்னை ஒரு நிலைக்கண்ணாடி முன்னால் உட்காரவைத்தார். இது கரஜைவிடக் கொடுமை. 13ஆம் நூற்றாண்டில் சாரங்கதேவர் 'சங்கீத ரத்னாகர'த்தில் பாடகரின் குற்றங்கள் 25 என்று எண்ணி வைத்திருக்கிறார்: பல்லைக் கடிப்பவர், வாயைப் பிளப்பவர், கழுத்தைக் கோணுபவர், முகநரம்பு புடைக்கப் பாடுபவர், கன்னத்தைச் சுரைக்காயாக உப்புகிறவர். அந்தக் கண்ணாடியில் ஆறேழு குற்றங்களுக்கு நானே சாட்சி. மேடைத் தோற்றம் என்றால் பட்டுச் சட்டையும் சிரிப்பும் என்றே நினைத்திருந்தேன். முகம் கோணுவது தொண்டை இறுகியிருப்பதன் அடையாளம் என்று அவர் சொன்னார், முகத்தைத் திருத்தச் சொல்லவில்லை. கட்டையை இறக்கியபின் பாதிக் குற்றங்கள் தாமாகவே விலகின. இடது கை மட்டும் இன்னும் காற்றில் எதையோ துரத்துகிறது.

ஒன்பதாம் நாள் அவர் வீட்டு மாடியில் ஒரு ஆசர், அதாவது வீட்டுக் கச்சேரி. முப்பது பேர், மைக் கிடையாது. எனக்கு இரண்டே விதிகள்: உட்கார்ந்தபின் கனைக்காதே, தம்பூரா நிறையும்வரை வாய் திறக்காதே. ஒரு நிமிஷம் ரொம்ப நீளம். யாரோ இருமினார்கள், யாரோ தேநீர்க் குவளையைத் தரையில் வைத்தார்கள், அப்புறம் எல்லா ஓசையும் அடங்கி, சித்பூர்க்காரர் தேய்த்த அந்தத் தந்தி மட்டும் மின்னிக்கொண்டிருந்தது. சட்ஜத்தில் போய்ச் சேர்ந்துகொண்டேன். பின்வரிசையில் ஒரு முதியவர், குரங்குக் குல்லாவுக்குள்ளிருந்து, "ஆஹா" என்றார். பாட்டு இன்னும் தொடங்கவே இல்லை.

ஹௌராவில் ரயில் கிளம்புவதற்கு முன் என் மிருதங்கக்காரருக்குப் போன் செய்தேன். மாசியில் ஒரு கோயில் கச்சேரி ஒப்புக்கொண்டிருந்தது.

"ஒரு கட்டையா?" என்றார். "ரெண்டு கட்டைக்கு மூட்டின வாத்தியம்ணா இது. இறக்கினா தொய்ஞ்சு போயிடும். முன்னாடியே சொல்லப்படாதா? இனிமே தோல் வாங்கி, மூட்டி, எப்பத் தர்றது?"

"செலவு என்னோடது" என்றேன்.

"செலவு கிடக்கட்டும். தம்பூராவாவது இறங்குமா, இல்ல அதுவும் புதுசா?"