ஒரு பெயர் மாறியதால் போன மூன்று கிழமை

ஊர் உறவுகளுக்கு, எங்கள் கணிதப் பிரிவில் நடந்த ஒரு பிழையை மறைக்காமல் எழுதுகிறோம். தரம் 11 பெற்றோருக்கு இதைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். மற்றப் பாடசாலை ஆசிரியர்களுக்கும் உதவலாம்.

தவணைப் பரீட்சைப் புள்ளிகள், தரம் 6 முதல் 11 வரை ஆறு பைல்கள். ஒவ்வொன்றாகத் திறந்து சராசரி எடுப்பது பெரிய கரைச்சல். அதனால் 'ஆர்' என்ற கணினி மொழியைப் பழகினோம். நியூசிலாந்தின் ஓக்லாந்து பல்கலைக்கழகத்தில் ரொஸ் இஹாக்காவும் ரொபர்ட் ஜென்டில்மனும் தொடங்கிய மொழி அது. காசு கட்டத் தேவையில்லை.

ஆறு பைல்களையும் ஒரே தடவையில் வாசித்து ஒரு 'லிஸ்ட்'டுக்குள் போட்டோம். லிஸ்ட் என்பது லாச்சிகள் உள்ள அலுமாரி மாதிரி. ஒவ்வொரு லாச்சிக்கும் ஒரு பெயர் ஒட்டலாம். பிறகு 'தரம் 11' என்று பெயர் சொன்னால் அந்தப் புள்ளிகள் வரும். 'எல்-அப்ளை' என்ற ஒரு கட்டளையிலேயே ஆறுக்கும் சராசரி வந்துவிடும்.

பெயர்களை 6, 7, 8 என்று நாங்களே வரிசையாக அடித்தோம். அங்கேதான் பிழைத்தது. கணினி பைல் பெயரை எண்ணாகப் பார்ப்பதில்லை, எழுத்தாகவே பார்க்கும். 1 என்ற எழுத்து 6க்கு முன்னால் வரும். ஆகவே அது வாசித்த வரிசை 10, 11, 6, 7, 8, 9. நாங்கள் 'தரம் 11' என்று பெயர் ஒட்டிய லாச்சிக்குள் இருந்தது தரம் 9 பிள்ளைகளின் புள்ளிகள். சராசரி நன்றாக இருந்தது. தரம் 11க்கு மாலை வகுப்பு தேவையில்லை என்று அதிபரிடமும் சொல்லிவிட்டோம்.

மூன்று கிழமை கழித்து ஒரு உம்மா வந்தார். "சேர், என்ட மகள் கணக்குல 27 தான் எடுத்திருக்கா. ஓ.எல். வருது. ஏன் சேர் இந்த முறை கிளாஸ் வைக்கல்ல?"

எங்களிடம் பதில் இருக்கவில்லை. அன்றிரவே பைல்களைத் திறந்து பார்த்தபோதுதான் விளங்கியது. அடுத்த நாள் அதிபரிடம் போய் உண்மையைச் சொன்னோம். அந்த உம்மாவிடமும் மன்னிப்புக் கேட்டோம்.

இப்போது பெயரைக் கையால் அடிப்பதில்லை. 'செட்-நேம்ஸ்' என்ற கட்டளையால் பைலின் பெயரையே லாச்சிக்கும் வைக்கிறோம். வரிசை எப்படி மாறினாலும் பெயர் தன் புள்ளிகளோடே போகும். பைல்களுக்கும் 06, 07 என்று பூச்சியம் சேர்த்துப் பெயரிட்டிருக்கிறோம். கடைசியாக, ஒவ்வொரு லாச்சியிலும் எத்தனை பிள்ளைகள் என்று எண்ணி வரவுப் பதிவேட்டோடு ஒப்பிடுகிறோம். இதை அன்றைக்கே செய்திருந்தால் பிழை அப்போதே பிடிபட்டிருக்கும்.

தரம் 11 மாலை வகுப்பு இந்தத் திங்கள் தொடங்குகிறது. தவறிய மூன்று கிழமைக்கும் சேர்த்து சனிக்கிழமைகளிலும் நடத்துவோம், இன்ஷா அல்லாஹ். பிள்ளைகளைத் தவறாமல் அனுப்பி வையுங்கள். இந்த முறையைப் பழக விரும்பும் ஆசிரியர்கள் லேப்டொப்போடு வாருங்கள், எங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லித் தருகிறோம்.