பழவங்காடியில் வார்த்த கைகள்

கைச்சிற்பம் செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு முதலில் ஓர் எச்சரிக்கை: பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சுடும். ஜிப்சத்தை ஏறத்தாழ 150 டிகிரியில் வறுத்து ஈரத்தைப் போக்கிய தூள் அது. தண்ணீரைத் திரும்பக் குடித்து இறுகும்போது உள்ளிருந்து சூடு கிளம்பும். 2007இல் இங்கிலாந்தில் ஒரு பள்ளி மாணவி, குழைத்த பிளாஸ்டருக்குள் நேரடியாகக் கைகளை விட்டு விரல்களைப் பறிகொடுத்தாள்.

அதனால்தான் திருவனந்தபுரத்தின் பழவங்காடியில் நான் பார்த்த மாடி அறையில் முதல் அச்சை ஆல்ஜினேட்டில் எடுக்கிறார்கள். பல் மருத்துவர்கள் அளவெடுக்கப் பயன்படுத்தும் தூள்தான். குளிர்ந்த நீரில் தோசைமாவுப் பதத்துக்குக் கரைத்து, அதில் கையை முக்கிச் சில நிமிடங்கள் ஆடாமல் வைத்திருந்தால் போதும். ஆல்ஜினேட் பழுப்புக் கடற்பாசியிலிருந்து வருவது. ராமநாதபுரம் கடலோரத்தில் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு மூழ்கும் பெண்கள் பாறைகளிலிருந்து பறிப்பவற்றில் அந்தப் பாசியும் உண்டு. ஒரு கையின் அச்சுக்குப் பின்னால் இன்னொரு கையின் காயம் இருக்கிறது.

அங்கே வார்க்கப்படுபவை துப்புரவுத் தொழிலாளர்களின் கைகள். கணபதி கோயிலில் தேங்காய் சிதறும் ஓசை மாடிவரை கேட்கிறது. சற்றுத் தள்ளி ஆமயிழஞ்சான் தோடு என்ற ஓடை ஓடுகிறது. 2024 ஜூலை 13 அன்று தம்பானூர் ரயில் நிலையத்துக்கு அடியில் அந்தத் தோட்டைச் சுத்தம் செய்ய இறங்கிய தொழிலாளி ஒருவர் வெள்ளத்தில் இழுத்துச் செல்லப்பட்டார். குப்பை மலைக்குள் தேடினார்கள்; ரோபோவையும் இறக்கினார்கள். 15ஆம் தேதி தகரப்பறம்பில் உடல் கிடைத்தது. அதற்குள் ரயில்வேயும் மாநகராட்சியும் பொறுப்பு யாருடையது என்று வாதாடத் தொடங்கியிருந்தன. அந்தக் குப்பையைத் தோட்டில் எறிந்த ஊரில்தான் இந்தக் கைகளைக் காட்ட வேண்டும் என்பது கைகளை வார்க்கும் இளைஞர்களின் எண்ணம்.

நான் போனபோது ஹரித கர்ம சேனையைச் சேர்ந்த ஒரு பெண் கையை முழங்கைவரை வாளிக்குள் விட்டு நின்றிருந்தார். வீடு வீடாக மக்காத குப்பை சேகரிப்பவர். "சேச்சி, அனக்கருதே" (அக்கா, அசைக்காதீர்கள்) என்று சிற்பி கெஞ்சினார். கையை மெல்ல உருவியதும், அந்தப் பள்ளத்தில் உடனே பிளாஸ்டர் ஊற்றினார்கள். தாமதித்தால் ஆல்ஜினேட் காய்ந்து சுருங்கிவிடும். தூளைத் தண்ணீரில் தூவ வேண்டுமே தவிர, தூளில் தண்ணீரை ஊற்றக் கூடாது, கட்டி தட்டிவிடும். ஊற்றும்போதே வாளியைத் தட்டித் தட்டிக் காற்றுக் குமிழ்களை வெளியேற்றுகிறார்கள். ஒரு குமிழ் விரல்நுனியில் தங்கினால் நகம் இல்லாத விரல்தான் கிடைக்கும்.

இறுகியபின் அச்சைப் பிய்த்தார்கள். ரேகை, வெடிப்பு, மடங்கிய நகம், எல்லாம் அப்படியே. பெருவிரலின் அடியில் ஒரு நீண்ட கோடு. அந்தப் பெண் குனிந்து பார்த்தார். நாகர்கோவில் பக்கத்துத் தமிழில் கேட்டார்: "மக்களே, இந்த வெட்டும் வந்துட்டா? டியூப்லைட்டு உடைஞ்சத பையில போட்டு வச்சிருந்தாவ. அதுல கிழிச்சது."

குழுவில் ஒருவர் எல்லாக் கைகளையும் உயர்த்திய முஷ்டிகளாக வார்க்கலாம் என்றார். எனக்கு உடன்பாடில்லை. முஷ்டியைச் சுவரொட்டிகளில் பார்த்துப் பார்த்துக் கண் பழகிவிட்டது. மெரினாவில் 1959இல் நிறுவிய உழைப்பாளர் சிலையில் சிற்பி ராய் சௌத்ரி ஒரு கோஷத்தையும் வடிக்கவில்லை. பாறையை நெம்பும் உடம்புகளைத்தான் வடித்தார். சாக்கின் வாயைப் பற்றுவதுபோல் பாதி மடங்கிய இந்த விரல்களுக்கும் அந்த வலு உண்டு. வண்ணமும் பூச வேண்டாம். வெள்ளையில்தான் தழும்பு நிழலோடு தெரிகிறது.

மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடுக்கும் சட்டம் 2013இல் வந்தது. சாக்கடைச் சாவுக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தொகை பெரிதுதான். ஆனால் அது செத்தபின் வருவது. கையுறையும் எந்திரமும்தான் முன்னால் வர வேண்டியவை. அவற்றைக் கேட்டு வாங்கித் தரும் கடமை ஊருக்கு உண்டு.

அதுவரை நம் கையில் இருப்பது ஒன்று: உடைந்த கண்ணாடியைக் கனத்த தாளில் சுற்றி, மேலே 'கண்ணாடி' என்று எழுதித் தனியாகக் கொடுங்கள். இன்றைக்கே தொடங்குங்கள்.