ஆர்.சி. புக்கில் அப்பா பெயர்

காசு கைமாறியதும் வண்டி போய்விடும். ஆர்.சி. புக்கில் பெயர் மாறும்வரை சட்டத்தின் கண்ணுக்கு நாம்தான் ஓனர். விற்ற பிறகு நடந்த விபத்துக்கும் பதிவேட்டில் இருப்பவரே பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அப்பாவின் ஆம்னி வேனை வாங்க வந்தவர் ஊர்க்காரர். "நம்ம ஆளுகிட்ட எதுக்கும்மா இத்தனை பேப்பர்?" என்று அப்பா கூச்சப்பட்டார். படிவம் 29இல் அவர் கையெழுத்து, 30இல் இருவருடையதும் வாங்கினேன். 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிப்பது விற்பவர் கடமை. வண்டியை ஒப்படைத்த தேதியோடு மணியையும் எழுதச் சொன்னேன்.

"சந்தேகமா தங்கச்சி?"

"இல்லண்ணே. நாளைக்கு நமக்குள்ள பேச்சு வந்துடக்கூடாதுல்ல."

ஊர்ப்பழக்கம் நாளைக்கும் வேண்டும் என்பதால்தான் இத்தனை கையெழுத்தும். தெரியாதவரிடம் ஏமாந்தால் பணம்தான் போகும்.