பூசை முடிந்த பிறகு ஒரு நோட்டு

ஞாயிறு பூசை முடிந்ததும் பள்ளிபாளையம் பக்கம் எங்கள் கோயில் வராந்தாவில் பாய் விரிப்பார்கள். பதினைந்து பெண்கள், ஒரு தகரப்பெட்டி, ஓரம் சுருண்ட நோட்டு. மாரியம்மன் கோயில் தெருப் பெண்களும் அந்தச் சேமிப்புக் குழுவில் உண்டு. அம்மா வாரம் 20 ரூபாய் கட்டினாள்.

அப்பா வேலை பார்த்தது தறிப் பட்டறையில்; அங்கே முன்பணம் வாங்கினால் அது தீரும்வரை வேறு பட்டறைக்குப் போக முடியாது. வெளியே கடன் வாங்கினால் நூற்றுக்கு மாதம் பத்து ரூபாய் வட்டி. கடனுக்காகச் சிறுநீரகத்தை விற்றவர்கள் எங்கள் பக்கம் இருக்கிறார்கள். இதை எழுதும்போதே கை நடுங்குகிறது.

இப்படிச் சேமிக்கும் மகளிர் குழுக்களை 1989இல் தருமபுரியில் தமிழக அரசு தொடங்கியது, பிறகு அது சேலத்துக்கும் வந்தது. 1992இல் நபார்டு வங்கி குழுக்களை மற்ற வங்கிகளோடு இணைக்கத் தொடங்கியது. ஆனால் உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசியைக் கோயிலுக்கென எடுத்துவைக்கும் பழக்கம் எங்கள் பாட்டிகளுக்கே இருந்தது. சேமிப்பு அந்தக் கைக்குப் புதிதல்ல.

அந்த 20 ரூபாய்கூட இல்லாதவர்கள் பாய்க்கு வெளியேதான் நின்றார்கள். அது இன்றும் உறுத்துகிறது.

ஒரு ரூபாய் வட்டிக்குக் குழுவில் கடன் வாங்கி அப்பாவின் முன்பணத்தை அடைத்த அன்று, “இனி எந்தப் பட்டறைக்கு வேணும்னாலும் போங்க” என்றாள் அம்மா. அப்பா பதில் பேசாமல் திண்ணையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.