அறிக்கை வந்த பிறகு தொடங்கும் வேலை

நாற்பதைத் தாண்டிய ஓர் ஆண் முழு உடல் பரிசோதனை செய்துகொள்ளலாம் என்று முடிவெடுத்தால், முதலில் அவர் கைக்கு வருவது ஒரு விலைப்பட்டியல். அடிப்படைத் தொகுப்பு, அதற்கு மேல் ஒன்று, எல்லாம் அடங்கியது ஒன்று என்று அது ஏறிக்கொண்டே போகும். சோதனைகள் கூடக் கூடப் பாதுகாப்பும் கூடும் என்று அந்தப் பட்டியல் சொல்லாமல் சொல்கிறது. பொது மருத்துவம் பார்க்கும் என் போன்றவர்களுக்கு, இந்த நம்பிக்கையை மறுத்துப் பேசுவதும் தொழிலின் ஒரு பகுதி. ஒரு பரிசோதனை எத்தனை விஷயங்களை அளந்தது என்பதை வைத்து அதன் பயனைச் சொல்ல முடியாது. அளந்து கண்டதை வைத்து அடுத்த மாதமும் அடுத்த ஆண்டும் என்ன செய்தோம் என்பதே கணக்கு. மலிவான நாலைந்து சோதனைகளைச் சரியாகச் செய்து, முடிவுகளை விடாமல் பின்தொடர்ந்தால், எண்பது சோதனைகளை ஒரே காலையில் முடித்துக் கோப்பைக் கையில் கொடுத்து அனுப்புவதைவிட அதிக ஆண்களைக் காப்பாற்றலாம். இதுவே என் வாதம். இதற்குச் சான்றுகள் உண்டு. இதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றிலும் நியாயம் உண்டு.

வலியோடு வருபவருக்குச் செய்யும் சோதனை வேறு, நலமாக இருப்பவரைக் கூப்பிட்டுச் செய்யும் சோதனை வேறு. முதலாமவர் உதவி கேட்டு வருகிறார். தெரிந்ததை வைத்து முடிந்ததைச் செய்கிறோம். இரண்டாமவரை நாமே அழைக்கிறோம். அழைப்பதால் அவருக்குக் கெடுதலைவிட நன்மை அதிகம் என்று காட்ட வேண்டிய பொறுப்பும் நம்முடையதாகிவிடுகிறது. உலக சுகாதார நிறுவனத்துக்காக வில்சனும் யுங்னரும் 1968இல் வகுத்த பத்து நெறிகள் இந்தப் பொறுப்பைத்தான் பேசுகின்றன. தேடும் நோய் பெரிய பிரச்சினையாக இருக்க வேண்டும். அறிகுறி தெரிவதற்கு முன்பே பிடிபடும் ஒரு கட்டம் அதற்கு இருக்க வேண்டும். கண்டுபிடித்தால் கொடுக்க நல்ல சிகிச்சையும், அதைக் கொடுக்கும் வசதியும் இருக்க வேண்டும். ஒருநாள் முகாமோடு முடிந்துவிடாமல் தேடல் தொடர்ந்து நடக்க வேண்டும். விலையுயர்ந்த தொகுப்புகளில் பாதி இந்த உரைகல்லில் தேறாது. பெருங்குடல், கணையப் புற்றுநோய்களைக் காட்டுவதாகச் சொல்லி விற்கப்படும் சில ரத்தக் குறியீடுகள், ஏற்கெனவே நோய் உறுதியானவருக்குச் சிகிச்சை எப்படிப் போகிறது என்று பார்க்க உதவுபவை. நலமாக இருக்கும் ஆணிடம் நோயைத் தேட அவை ஏற்றவை அல்ல.

அதிகச் சோதனை செய்வதில் கெடுதல் என்ன, பணம்தானே போகிறது என்று கேட்கலாம். கணக்கைப் பார்ப்போம். ஆய்வகம் தரும் பல அளவுகளுக்கு 'இயல்பு' என்ற எல்லை, நலமாக இருக்கும் நூறு பேரில் 95 பேரின் அளவு உள்ளே அடங்கும்படி வகுக்கப்படுகிறது. மீதி ஐந்து பேர் எந்த நோயும் இல்லாமலேயே எல்லைக்கு வெளியே நிற்பார்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இப்படிப்பட்ட 20 சோதனைகளை ஒரே ஆளுக்குச் செய்தால், ஒன்றாவது எல்லைக்கு வெளியே காட்டுவதற்கான வாய்ப்பு 64 சதவீதம். அறிக்கையில் அந்த எண் தடித்த எழுத்தில் வரும். அதைத் துரத்திக்கொண்டு ஸ்கேன், அந்த ஸ்கேனில் தெரிந்த நிழலுக்காக இன்னொரு ஸ்கேன், பிறகு ஊசி போட்டுச் சதை எடுத்தல் என்று வரிசை நீளும். நலமாக நடந்து வந்தவர் நோயாளியாக வீடு திரும்புவார். அவர் இழப்பது பணத்தை மட்டுமல்ல, மாதக்கணக்கில் தூக்கத்தையும்.

இதற்கு நேர்மாறானது பிரஷர் பார்ப்பது. அமெரிக்க அதிபர் ஃபிராங்ளின் ரூஸ்வெல்ட் 1945 ஏப்ரல் 12 அன்று மூளை ரத்தக்கசிவால் இறந்தார். அன்று பதிவான அவரது ரத்த அழுத்தம் 300/190. அது ஏறிக்கொண்டே போவது மருத்துவர்களுக்கு முன்பே தெரியும். அதைக் குறைக்கத் தக்க மருந்துதான் அன்று கையில் இல்லை. உலகின் மிக வலிமையான பதவியில் இருந்தவருக்கும் வெறும் அளவீடு உதவவில்லை. எட்வர்ட் ஃப்ரைஸ் தலைமையில் அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள் நடத்திய ஆய்வு 1967இல் வெளியானது. கடுமையான ரத்த அழுத்தம் இருந்த 143 ஆண்கள் அதில் இருந்தார்கள். மருந்து பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இடையே ஆபத்துகளில் தெரிந்த வேறுபாடு அவ்வளவு பெரிது என்பதால், கடுமையான அழுத்தத்துக்குச் சிகிச்சை தேவையா என்ற கேள்வியே அதோடு முடிந்தது. அதற்குப் பிறகுதான் கையில் பட்டை சுற்றுவதற்கு முழு அர்த்தம் வந்தது. இன்று பிரஷர் மாத்திரைகள் மலிவு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். அளவுக்குப் பின்னால் சிகிச்சை நிற்கிறது என்பதால்தான் எளிய பட்டை, விலையுயர்ந்த ஸ்கேனை வெல்கிறது.

ஆனால் எளிய சோதனையைச் சரியாகச் செய்வதில் ஒரு கைத்தேர்ச்சி இருக்கிறது. அதைத்தான் நாங்கள் அலட்சியம் செய்கிறோம். படியேறி வந்தவரை உடனே பார்த்தால் அளவு ஏறித்தான் காட்டும். ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வைக்க வேண்டும். அதற்கு அரை மணி முன்பிருந்தே காபி, சிகரெட் கூடாது. முதுகுக்குச் சாய்மானம் வேண்டும். கை இதயத்தின் மட்டத்தில் தாங்கப்பட்டிருக்க வேண்டும். பருத்த கையில் சிறிய பட்டையைச் சுற்றினால் இல்லாத பிரஷர் இருப்பதாகத் தெரியும். ஒருமுறை 140/90க்கு மேல் வந்துவிட்டது என்பதற்காகப் பெயர் சூட்டிவிடாமல், வேறொரு நாளும் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். சர்க்கரையும் அப்படித்தான். வெறும் வயிற்றில் 126ஐத் தொட்டால் நீரிழிவு. 100 முதல் 125 வரை இருந்தால் அதன் வாசல். அந்த வாசலில் நிற்பவருக்கு மருந்துச் சீட்டைவிட நடையும் உணவு மாற்றமும்தான் முதல் சிகிச்சை. அதை விளக்க நேரம் ஒதுக்காவிட்டால் சோதனை செய்ததே வீண். இடுப்பில் ஒரு டேப்பைச் சுற்றி 90 சென்டிமீட்டரைத் தாண்டுகிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் ஆகாது. புகையிலையையும் மதுவையும் பற்றிக் குற்றம் சாட்டாத குரலில் கேட்பதும் பரிசோதனைதான். குரலில் கண்டிப்பு தட்டுப்பட்டால் பதில் பொய்யாகத்தான் வரும்.

இந்த மண்ணின் ஆண்களுக்கு மிகவும் தேவைப்பட்டும் எந்த விலைப்பட்டியலிலும் கொட்டை எழுத்தில் இடம்பெறாத சோதனை, வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்ப்பது. புகையிலை, பாக்கு, மது மூன்றும் வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம். வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, ஆறாத புண், முழுதாகத் திறக்க முடியாத வாய் என்று எச்சரிக்கைகள் புற்றுநோய்க்கு முன்பே கண்ணில் படும். 1996இல் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 13 பஞ்சாயத்துகளில் தொடங்கிய ஆய்வின் முடிவு 2005இல் வந்தது. வாயைப் பார்த்தவர்கள் மருத்துவர்கள்கூட இல்லை. பயிற்சி பெற்ற பட்டதாரிச் சுகாதாரப் பணியாளர்கள். புகையிலையோ மதுவோ பழக்கத்தில் இருந்தவர்களிடையே வாய்ப் புற்றுநோய் மரணம் 34 சதவீதம் குறைந்தது. எந்தப் பழக்கமும் இல்லாதவர்களுக்கு அந்தப் பயன் தெரியவில்லை. யாரைப் பார்க்க வேண்டும் என்று தேர்ந்தெடுப்பதும் இந்தத் தொழிலின் பாதி என்பதை அந்த ஆய்வு சொல்கிறது.

தேர்ந்தெடுப்பதில் மிகக் கடினமானது புராஸ்டேட் சுரப்பிக்கான பிஎஸ்ஏ ரத்தச் சோதனை. அமெரிக்காவில் 1994இல் நோயைக் கண்டறியும் சோதனையாக அனுமதிக்கப்பட்ட இது, ஆண்களின் உடல்நலம் என்றாலே நினைவுக்கு வரும் பெயராகிவிட்டது. இதனால் பயனே இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. ஐரோப்பாவின் பெரிய ஆய்வில் 23 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, சோதனைக்கு அழைக்கப்பட்டவர்களிடையே புராஸ்டேட் புற்றுநோய் மரணம் 13 சதவீதம் குறைவாக இருந்தது. 456 பேரை அழைத்தால் ஒரு மரணம் தவிர்க்கப்படுகிறது. அந்த ஒன்றுக்காகக் கூடுதலாக 12 பேர் புற்றுநோயாளி என்ற பெயரைச் சுமக்கிறார்கள். இப்படிக் கண்டுபிடிக்கப்படுபவற்றில் பல, மெதுவாக வளர்ந்து கடைசிவரை தொந்தரவே தராத கட்டிகள். அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும் சிறுநீர்க் கசிவையும் ஆண்மைக் குறைவையும் விட்டுச் செல்லக்கூடும். ஆகவே அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2018 முதல், 55 முதல் 69 வயது வரை உள்ளவர்கள் மருத்துவரோடு பேசித் தாமே முடிவெடுக்கட்டும், 70க்கு மேல் வேண்டாம் என்கிறது. அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இந்தப் புற்றுநோய் இருந்தவர் இதை முன்கூட்டியே பேசுவது நல்லது. அந்தப் பேச்சே நடக்காமல் தொகுப்பின் நடுவில் இந்தச் சோதனையைச் செருகி எடுப்பதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

என் வாதத்துக்கு எதிரான வலுவான மறுப்பு விலைப்பட்டியல்காரர்களிடமிருந்து வருவதில்லை, ஆய்வாளர்களிடமிருந்து வருகிறது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2019இல் 17 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, பொதுவான உடல் பரிசோதனைகளால் மரணங்கள் குறையவில்லை என்றது. டென்மார்க்கில் ஏறத்தாழ 60,000 பேரை வைத்து நடந்த ஆய்வில், பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் இதய நோய் குறையவில்லை. அப்படியானால் எளிய சோதனைகளும் வீண்தானே? இதை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். ஆனால் அந்த ஆய்வுகள் நடந்தது பெரும்பாலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும். டென்மார்க்கில் ஏறத்தாழ எல்லோருக்கும் ஒரு குடும்ப மருத்துவர் இருக்கிறார். காய்ச்சலுக்குப் போகும்போதும் பிரஷர் பார்க்க வாய்ப்பு உண்டு. ஏற்கெனவே பார்க்கப்படுபவர்களை இன்னொருமுறை அழைத்தால் பெரிய மாற்றம் தெரியாது. இந்தியாவின் நிலை வேறு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆதரவில் நடந்த தேசிய ஆய்வு 2023இல் சொன்ன மதிப்பீட்டின்படி இங்கே 10.1 கோடி பேருக்கு நீரிழிவு, 13.6 கோடி பேர் அதன் வாசலில், பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கும் மேல் உயர் ரத்த அழுத்தம். பிள்ளைப்பேற்றுக் காலத்திலாவது பெண்ணின் கையில் பட்டை சுற்றப்படுகிறது. பள்ளியை விட்ட ஆணுக்கு, நெஞ்சு வலிக்கும் நாள்வரை அப்படியொரு சந்தர்ப்பமே வாய்க்காமல் போகலாம். காக்ரேன் முடிவு எனக்குச் சொல்வது, பரிசோதித்துவிட்டுக் கைகழுவினால் பலன் இல்லை என்பதே. அது என் வாதத்தோடு மோதவில்லை.

ஆண்கள்தான் வரமாட்டேன் என்கிறார்களே என்பது அடுத்த குறை. அவர்களது பிடிவாதத்தைப் பழிப்பது சுலபம். ஆனால் ஓபி நடப்பது காலையில். நாள்கூலிக்காரருக்கு அந்தக் காலைதான் சம்பளம். அப்படியானால் அவர்கள் இருக்கும் இடத்துக்கு நாம்தான் போக வேண்டும். லாஸ் ஏஞ்சலிஸில் ரொனால்ட் விக்டர் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வு, கறுப்பின ஆண்கள் போகும் 52 முடிதிருத்தகங்களைத் தேர்ந்தெடுத்தது. 319 ஆண்களுக்கு அங்கேயே பிரஷர் பார்க்கப்பட்டது. ஒரு பிரிவில் முடிதிருத்துபவர் அறிவுரை சொல்லி, மருத்துவரைப் பாருங்கள் என்றார். ஆறு மாதத்தில் மேல் அளவு சுமார் 9 புள்ளி இறங்கியது. இன்னொரு பிரிவில் மருந்தாளுநர் கடைக்கே வந்து, மருத்துவரின் ஒப்புதலோடு மருந்தைத் தொடங்கி, திரும்பத் திரும்பப் பார்த்தார். 27 புள்ளி இறங்கியது. இரண்டு பிரிவிலும் அளவீடு நடந்தது. வேறுபாட்டை உண்டாக்கியது தொடர்ச்சி. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோனதும் இதே வழிதான். பகலில் வீட்டில் இல்லாத ஆண்களுக்கு அது எட்டாது என்பதால், 2024இல் அது வேலை நடக்கும் இடங்களுக்கும் விரிந்தது நல்ல முடிவு.

கடைசியாக ஒரு தயக்கம், கேட்பவரின் மனத்தில் இருந்தாலும் வெளியே வருவதில்லை. பார்த்தால் ஏதாவது இருக்கும், இருந்தால் வாழ்நாள் முழுக்க மாத்திரை. அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். அதற்குப் பதில், மாத்திரை சாப்பிடாவிட்டாலும் நோய் இருக்கும் என்பதே. பக்கவாதம் வந்த கையை மாத்திரை மீட்டுத் தராது. ஆகவே முப்பது வயதைத் தாண்டிய ஆண்களிடம் நான் கேட்பது கொஞ்சம்தான்: ஆண்டுக்கொருமுறை பிரஷர், சர்க்கரை, இடுப்பளவு, புகையிலையோ மதுவோ பழக்கமிருந்தால் வாய், மருத்துவர் சொல்லும் இடைவெளியில் கொழுப்பு. முடிவோடு திரும்பி வாருங்கள், ஒரே மருத்துவரிடம் வாருங்கள். முகாம் நடத்துபவர்களிடம் கேட்பது இன்னும் கடினமானது. எத்தனை பேரைப் பரிசோதித்தோம் என்ற எண்ணைப் பலகையில் எழுதுவதை நிறுத்துங்கள். அன்று பிரஷர் அதிகம் என்று கண்டுபிடித்தவர்களில் எத்தனை பேருக்கு ஓராண்டு கழித்து அது 140/90க்குக் கீழே இருக்கிறது என்று எண்ணிப் போடுங்கள். அந்த எண் தெரியாத முகாம் எவ்வளவு பெரிதாக நடந்திருந்தாலும், அதன் வேலை முடியவில்லை.