கொல்லிமலைக்கு ஒரு குட்டி சிலிண்டர்

காரவல்லியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலை. வேனிலேயே சமைத்துச் சாப்பிடக் கிளம்புகிறவர்களுக்கு முதல் கேள்வி, எந்த சிலிண்டர்?

சில கடைகளில் பெயரில்லாத குட்டி சிலிண்டருக்குப் பெரிய சிலிண்டரிலிருந்து கேஸ் மாற்றி அடைத்துத் தருவார்கள். அது சட்டப்படி குற்றம். வால்வைச் சோதிப்பவரும் இல்லை.

எண்ணெய் நிறுவனங்களின் 5 கிலோ சிலிண்டரே நல்லது. அடையாள அட்டை போதும், முகவரிச் சான்று வேண்டாம். காலியைக் கொடுத்து, அதே நிறுவனத்தின் நிரம்பிய சிலிண்டரை வாங்கிக்கொள்ளலாம். மலையில் தேடி அலையாமல் நாமக்கல்லிலேயே மாற்றிவிடுங்கள். கைப்பிடிப் பட்டையின் உட்புறம் 'பி 27' என்றிருந்தால், 2027 ஜூனுக்குள் மறுசோதனை செய்ய வேண்டிய சிலிண்டர் என்று பொருள். கெடு தாண்டியிருந்தால் வாங்காதீர்கள்.

சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் வேனின் தரையிலேயே தேங்கும். வண்டி ஓடும்போது ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டரை நிமிர்த்தி இறுக்கிக் கட்டுங்கள். சமையல் வண்டிக்கு வெளியே, காட்டை விட்டுத் தள்ளி இருக்கட்டும். 2023 ஆகஸ்டில் மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில், விதியை மீறி ஏற்றிவந்த சிலிண்டரால் மூண்ட தீ 9 உயிர்களைப் பறித்தது.

ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். இறங்கி ஏறி வந்ததும் சூடாக ஒரு டீ வேண்டும்தானே? அதற்கு 5 கிலோ தாராளம்!